கேட்கும் முன்பே சொல்லுங்கள்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வேதிப் பொறியியல் படித்தவர், வயது 26. சென்னையில் உள்ள ஒரு மேலாண்மை ஆலோசனை நிறுவனத்தில் இரண்டு ஆண்டுகளாகக் கன்சல்டன்டாகப் பணிபுரிகிறார். கடந்த நான்கு மாதங்களாகக் கடலூர் சிப்காட்டில் ஒரு மருந்து மூலப்பொருள் தொழிற்சாலையின் உற்பத்தியைக் கூட்டும் ப்ராஜெக்டில், வீட்டிலிருந்தே தொழிற்சாலைக்குப் போய் வந்து வேலை செய்கிறார். மேலாளர் சென்னையில் இருக்கிறார். வாரத்தில் ஒரு நாள் மட்டும் வந்து போகிறார். கடிதத்தின் முக்கியப் பகுதி இது:

"ஐயா, என் வேலையில் நான் எந்தக் குறையும் வைப்பதில்லை. ஆனாலும் என் மேலாளருக்கு என் மேல் நம்பிக்கை இல்லை. ஒரு நாளைக்கு மூன்று முறை 'எந்த நிலையில் இருக்கிறது?' என்று வாட்ஸ்அப்பில் கேட்கிறார். நான் நான்கு நாள் உழைத்துத் தயாரித்த ஸ்லைடுகளை இரவோடு இரவாக மாற்றி எழுதிவிடுகிறார். தொழிற்சாலையின் ஜெனரல் மேனேஜர் கேட்டுக்கொண்டதால் பாய்லரின் நீராவிச் செலவையும் கணக்கிட்டுக் கொடுத்தேன்; அதற்கும் கோபித்துக்கொண்டார். சென்ற மாதம் ஸ்டியரிங் கமிட்டிக் கூட்டத்தில் (ப்ராஜெக்டின் போக்கை இரு நிறுவனங்களின் மேலதிகாரிகளும் பார்க்கும் கூட்டம்) நான் சொன்ன எண்ணை எல்லோர் முன்னிலையிலும் திருத்தினார். 'நான் கேட்டால்தான் நீங்கள் சொல்கிறீர்கள்' என்று அடிக்கடி சொல்கிறார். பெரியவர்கள் கேட்டால் பதில் சொல்ல வேண்டும், கேட்காதபோது குறுக்கே பேசக் கூடாது என்று வளர்ந்தவள் நான். வேறு ப்ராஜெக்டிற்கு மாற்றல் கேட்கட்டுமா? இவரோடு நல்லுறவு ஏற்பட வழி இருக்கிறதா?"

அன்புள்ள வாசகிக்கு,

வழி இருக்கிறது. மாற்றல் கேட்க வேண்டாம், குறைந்தபட்சம் இப்போது வேண்டாம். இந்தத் தொழிலில் நான் 22 ஆண்டுகள் இருந்தேன். அதில் ஏறக்குறையப் பாதிக் காலம் மேலாளர்களின் கீழும், மீதிக் காலம் மேலாளராகவும் கழிந்தது. இப்போது புதுச்சேரியில் இருந்துகொண்டு, தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைகளில் உள்ள சிறு தொழிற்சாலைகளுக்கு உதவி வருகிறேன். உங்கள் கடிதத்தில் நான்கு குறைகளை நான்கு தனித்தனி நிகழ்ச்சிகளாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டாம் முறை படித்தபோது, நான்கிற்கும் வேர் ஒன்றே என்று எனக்குத் தெளிவாகப் பட்டது. உங்கள் மேலாளருக்குத் தெரிய வேண்டியவை எல்லாம் அவருக்குத் தாமதமாகத் தெரிகின்றன.

அவர் நிற்கும் இடத்திலிருந்து ஒருமுறை பாருங்கள். ஆலோசனை நிறுவனத்தில் ப்ராஜெக்டை வாங்கி வருபவர் பார்ட்னர், அதாவது நிறுவனத்தின் பங்குதாரர்களில் ஒருவர். இத்தனை வாரம், இத்தனை பேர், இன்ன கட்டணம் என்று தொழிற்சாலை நிர்வாகத்திடம் வாக்குக் கொடுத்தவரும் அவரே. அந்த வாக்கை வேலையாக மாற்றித் தர வேண்டிய பொறுப்பு மேலாளருடையது. கட்டணம் முன்பே முடிவாகிவிட்டதால், வேலை இரண்டு வாரம் நீண்டால் அந்த இரண்டு வாரச் சம்பளச் செலவும் நிறுவனத்தின் லாபத்திலிருந்துதான் போகும். அந்தக் கணக்கு மேலாளரின் பெயரில் எழுதப்படும். பெரும்பாலும் அவர் கையில் உங்களுடையதைத் தவிர இன்னொரு ப்ராஜெக்டும் இருக்கும். மாலையில் பார்ட்னர் அவரை அழைத்து, "கடலூர் எப்படிப் போகிறது?" என்று கேட்கும்போது, சென்னையில் உட்கார்ந்திருக்கும் அவரிடம் நீங்கள் சொன்னதைத் தவிர வேறு பதில் கிடையாது. நீங்கள் எதுவும் சொல்லியிருக்கவில்லை என்றால், அவர் உங்களைக் கேட்கத்தான் வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று முறை கேட்பது உங்களுக்குச் சந்தேகமாகத் தோன்றுகிறது. எனக்கு அது இருட்டில் நிற்பவர் சுவரைத் தடவிப் பார்ப்பதாகத் தோன்றுகிறது.

இப்போது ஸ்லைடுகளுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் யோசிக்க வைத்த சொற்கள் 'நான்கு நாள் உழைத்துத் தயாரித்த' என்பவை. அந்த நான்கு நாட்களில் அதை அவர் ஒருமுறையாவது பார்த்தாரா? பார்த்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். நாமெல்லாம் பள்ளியில் ரஃப் நோட்டை யாருக்கும் காட்டாமல், ஃபேர் நோட்டை மட்டும் ஆசிரியரின் மேசையில் கொண்டுபோய் வைத்துப் பழகியவர்கள். அடித்தல் திருத்தல் இல்லாத நோட்டுத்தான் மதிப்பெண் வாங்கும் என்ற அந்தப் பழக்கம் இந்தத் தொழிலில் நமக்கு எதிராகத் திரும்புகிறது. இங்கே உங்கள் மேலாளருக்கு வேண்டியது உங்கள் ரஃப் நோட்டு.

ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரு பேட்ச், அதாவது ஒரு தடவைக்கான சரக்கு, முடிய ஏன் இவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் வேலை உங்களுடையது என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் பத்து பேட்சுகளின் லாக் ஷீட்டை (நேரக் குறிப்புத் தாளை) புரட்டியதுமே, ரியாக்டரில் வினை முடிந்த பிறகும் சரக்கு அதிலேயே மணிக்கணக்கில் காத்திருப்பதையும், அடுத்து வரும் சென்ட்ரிஃப்யூஜ் (சரக்கைச் சுழற்றித் திரவத்தைப் பிரிக்கும் எந்திரம்) காலியாகாததே காரணம் என்பதையும் நீங்கள் கண்டுகொள்கிறீர்கள். நீங்கள் உடனே எதுவும் சொல்லாமல், அறுபது பேட்சுகளையும் எக்செல்லில் ஏற்றி, வண்ண வரைபடம் போட்டு, நான்காம் நாள் மாலை பன்னிரண்டு ஸ்லைடுகளாக அனுப்புகிறீர்கள். அதைத் திறந்து பார்க்கும் மேலாளருக்கு முதல் நிமிடத்திலேயே ஒரு கேள்வி எழுகிறது: சென்ட்ரிஃப்யூஜ் உண்மையிலேயே போதாமல் இருக்கிறதா, இரவு ஷிப்டில் அதை இயக்க ஆள் இல்லாமல் நிற்கிறதா? முதலாவது என்றால் புது எந்திரம் வாங்கச் சொல்ல வேண்டும். இரண்டாவது என்றால் ஓர் ஆபரேட்டரைக் கூடுதலாகப் போட்டாலே போதும். இரண்டிற்கும் இடையே தொழிற்சாலைக்கு ஆகும் செலவு மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். உங்கள் பன்னிரண்டு ஸ்லைடுகளில் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. மறுநாள் காலை பார்ட்னர் பார்க்க வேண்டும். ஆகவே அவர் இரவில் உட்கார்ந்து, கையில் இருப்பதை வைத்து மாற்றி எழுதுகிறார். இதையே முதல் நாள் மாலை இரண்டு வரியில் சொல்லியிருந்தால், அதே கேள்வியை அவர் அப்போதே கேட்டிருப்பார். மீதி மூன்று நாட்களை ஷிப்ட் வாரியாகப் பிரித்துப் பார்ப்பதில் நீங்கள் செலவிட்டிருப்பீர்கள். எழுதியதும் உங்களுடையதாகவே நின்றிருக்கும்.

ஸ்லைடு தயாரிக்கும் முன், ஒரு வெள்ளைத்தாளில் ஏழெட்டுக் கட்டங்கள் போட்டு, ஒவ்வொரு கட்டத்தின் தலையிலும் அந்த ஸ்லைடு சொல்லப்போகும் ஒரே ஒரு வாக்கியத்தை எழுதுங்கள். கீழே எந்த எண், எந்த வரைபடம் வரும் என்று பென்சிலால் கிறுக்கிக் காட்டினால் போதும். அதைப் போனில் படமெடுத்து அனுப்பி, "இந்த வரிசையில் சொல்லலாமா?" என்று கேளுங்கள். அரை மணி நேர வேலை அது. கணினியைத் தொடும் முன்பே மேலாளரின் மனத்தில் இருப்பதும் உங்கள் மனத்தில் இருப்பதும் ஒன்றா என்று தெரிந்துவிடும். என்னிடம் வேலை பார்த்தவர்களில் இதைச் செய்தவர்களின் ஸ்லைடுகளை நான் மாற்றி எழுத வேண்டிய தேவை மிக அரிதாகவே வந்தது.

இன்னும் முடிக்காத வேலையைக் காட்டுவதன் அருமையை எனக்கு உணர்த்தியது உங்கள் ஊர்தான். 2011 டிசம்பர் 30 வெள்ளிக்கிழமை காலை, 'தானே' புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தது. நீங்கள் அப்போது பள்ளி மாணவி. மரங்கள் விழுந்து கிடந்ததும், பல ஊர்கள் வாரக்கணக்கில் மின்சாரமின்றிக் கிடந்ததும் நினைவிருக்கும். அந்த வாரம் கடலூர்ப் பகுதியில் ஒரு தொழிற்சாலையில் என் குழுவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் தனியாக வேலை செய்துகொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை மாலை அவர் எனக்குக் கணக்கைத் தர வேண்டும். திங்களன்று நான் சென்னையில் அதை நிர்வாகத்தின் முன் வைக்க வேண்டும். புதன்கிழமை இரவு அவரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. புயல் இந்தப் பக்கம் திரும்பலாம் என்று வானிலை அறிவிப்பு வருகிறது, வெள்ளிக்கிழமை அனுப்ப முடியாமல் போகலாம், ஆகவே இருக்கும் நிலையிலேயே அனுப்புகிறேன் என்று எழுதி, எந்தெந்த எண்கள் உறுதியானவை, எவை இன்னும் சரிபார்க்கப்படாதவை, எந்த இரண்டு கட்டங்களில் தன் ஊகத்தைப் போட்டிருக்கிறார் என்று ஒவ்வொன்றாகக் குறிப்பிட்டிருந்தார். அடுத்த சில நாட்கள் அவரோடு பேசவே முடியவில்லை. அந்த அரைகுறைக் கணக்கை வைத்துக்கொண்டுதான் நான் அந்தத் திங்கட்கிழமையைக் கடந்தேன். முழுமையான கணக்கு அவருடைய மடிக்கணினியில் பத்திரமாக இருந்திருந்தால் எனக்கு எந்தப் பயனும் இருந்திருக்காது. அதன் பிறகு அவரிடம் 'எந்த நிலையில் இருக்கிறது?' என்று நான் கேட்டதாக நினைவில்லை.

இதற்கு நேர்மாறாக நான் நடந்துகொண்டதையும் சொல்ல வேண்டும். எனக்கு 27 வயதிருக்கும்போது புதுச்சேரியில் ஒரு நூற்பாலையின் சரக்கிருப்பைக் கணக்கிட்டேன். கிடங்கில் இருந்த நூலின் ஒரு பகுதியைப் பேக்கிங் பகுதியிலும் சேர்த்து இரண்டு முறை எண்ணிவிட்டேன் என்பது கூட்டத்திற்கு முந்தின மாலைதான் எனக்குத் தெரிந்தது. இரவுக்குள் திருத்திவிடலாம், யாருக்கும் தெரிய வேண்டியதில்லை என்று முடிவு செய்தேன். ஆனால் பழைய எண்ணோடு அறிக்கை ஏற்கெனவே பார்ட்னருக்குப் போயிருந்தது. மறுநாள் ஆலையின் கணக்கு அதிகாரி அந்தத் தவறைச் சுட்டிக்காட்டியபோது, என் மேலாளர் அதை முதன்முறையாகக் கேட்டார். அவர் என்னைத் திட்டவில்லை. அடுத்த ஆறு மாதம் நான் அனுப்பிய ஒவ்வொரு எக்செல்லையும் ஒவ்வொரு கட்டமாகத் திறந்து பார்த்தார். முந்தின மாலையே போன் செய்திருந்தால் பத்து நிமிடக் கோபத்தோடு அது முடிந்திருக்கும். தவறு தெரிந்த அந்த மணி நேரத்திலேயே சொல்லிவிடுங்கள். என்ன தவறு, அதனால் எந்த முடிவு மாறுகிறது, எப்போது திருத்தித் தருவீர்கள் என்ற மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள்.

நாள்தோறும் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தொழிற்சாலையை விட்டுக் கிளம்பும் முன், அவர் கேட்காமலே, மாலைக் குறிப்பு ஒன்றை அனுப்புங்கள். "சார், டேட்டா எடுத்துக்கொண்டிருக்கிறேன், நாளை முடியும்" என்பது குறிப்பாகாது. அதைப் படிப்பவருக்கு முன்பு தெரியாத எதுவும் இப்போதும் தெரிவதில்லை. இப்படி எழுதலாம்: "சார், இதுவரை பார்த்த 12 பேட்சுகளில் 9 பேட்சுகள் சென்ட்ரிஃப்யூஜிற்காகக் காத்திருக்கின்றன. மற்ற மூன்றில் டிரையர் பழுது. நாளை மதியத்திற்குள் இன்னும் 20 பார்த்துவிடுவேன். இரவு ஷிப்ட் லாக் ஷீட்டுகளை உற்பத்திப் பிரிவு இன்னும் தரவில்லை. புதன்கிழமைக்குள் வராவிட்டால் நீங்கள் ஜெனரல் மேனேஜரிடம் ஒரு வார்த்தை பேச வேண்டியிருக்கும்." கண்டது முதலில், செய்யப்போவது அடுத்து, அவரால் ஆக வேண்டியது கடைசியில். பார்ட்னரின் அழைப்பு வரும்போது அவர் இதை அப்படியே படித்துச் சொல்லிவிடலாம். இரண்டு வாரம் தவறாமல் அனுப்பிப் பாருங்கள். மூன்று வாட்ஸ்அப் கேள்விகள் ஒன்றாகக் குறையும் என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன்.

ஆனால் எழுதி அனுப்புவது அவருக்கு ஒத்துவருமா என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். மேலாண்மைச் சிந்தனையாளர் பீட்டர் டிரக்கர் (1909–2005) மனிதர்களை வாசித்து அறிபவர்கள் என்றும் கேட்டு அறிபவர்கள் என்றும் பிரித்துச் சொன்னார். அமெரிக்க ஜனாதிபதி கென்னடி வாசித்து அறிபவர். அதனால் நன்றாக எழுதத் தெரிந்தவர்களைத் தம்மைச் சுற்றி வைத்துக்கொண்டார். அவருக்குப் பின் வந்த லிண்டன் ஜான்சன் கேட்டு அறிபவர். அதே ஆட்கள் அவருக்கும் எழுதி எழுதியே கொடுத்தார்கள், அதில் எதுவும் அவர் மனத்தில் ஏறவில்லை என்பது டிரக்கரின் கருத்து. உங்கள் மேலாளர் பத்து வரிக் குறிப்புக்கு 'ஓகே' என்று மட்டும் பதில் போட்டுவிட்டு, அதே விஷயத்தைப் போனில் மறுபடி கேட்பவராக இருந்தால், அவர் இரண்டாம் வகை. குறிப்பை அனுப்பிவிட்டு ஐந்து நிமிடம் பேசுங்கள். இப்படி மேலாளரின் இயல்பைப் படித்து வேலை உறவை அமைத்துக்கொள்வது கீழே இருப்பவரின் வேலையிலும் ஒரு பகுதியே என்று ஹார்வர்டு பேராசிரியர்கள் ஜான் கபாரோவும் ஜான் கோட்டரும் 1980இலேயே எழுதினார்கள். இதைக் காக்காய் பிடிப்பது என்று எண்ணித் தயங்க வேண்டாம். நீங்கள் அவரைப் புகழவில்லை. அவர் காதில் விழும் விதத்தில் உண்மையைச் சொல்கிறீர்கள்.

பாய்லர் விஷயத்தில் உங்கள் மேலாளரின் கோபம் நியாயமானது என்றே நினைக்கிறேன். ஜெனரல் மேனேஜர் உங்களைத் தனியாக அழைத்துக் கேட்டது உங்கள் திறமைக்குக் கிடைத்த மரியாதை, அதில் ஐயமில்லை. ஆனால் நீராவிச் செலவு ஒப்பந்தத்தின் ஸ்கோப்பில் (வேலை எல்லையில்) இருந்ததாக நீங்கள் எழுதவில்லை. நீங்கள் கொடுத்த எண்ணை வைத்து அவர்கள் நாளை ஒரு முடிவெடுத்து, அது தவறிப்போனால், அந்தப் பொறுப்பு யாரும் சரிபார்க்காத ஒரு கணக்கின் மூலம் உங்கள் நிறுவனத்தின் தலையில் விழும். ஒருமுறை இலவசமாகச் செய்தது அடுத்த முறை உரிமையாகக் கேட்கப்படும். அதுவே தனியாக ஒரு ப்ராஜெக்டாக வளர்ந்திருக்கவும் கூடும்; அந்தப் பேச்சைத் தொடங்கும் வாய்ப்பும் போய்விட்டது. இனி இப்படிக் கேட்டால், "சார், இது அவசியம் பார்க்க வேண்டியதுதான். எங்கள் மேலாளரிடம் சொல்லிவிட்டு நாளைக்குள் உங்களுக்குப் பதில் சொல்கிறேன்" என்று பணிவோடு சொல்லுங்கள். எந்த ஜெனரல் மேனேஜரும் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். அவருக்குக் கீழே இருப்பவர்களிடம் அவர் எதிர்பார்ப்பதும் அதுவே.

கூட்டத்தில் எண்ணைத் திருத்தியது வேறு. அதில் நான் உங்கள் பக்கம். எண் தவறாகவே இருந்தாலும், 'இதைச் சரிபார்த்துவிட்டு மாலைக்குள் அனுப்புகிறோம்' என்று குழுவின் பெயரால் அவர் சொல்லியிருக்கலாம். இளையவர் ஒருவரைக் கிளையன்ட் முன்னால் தனியாக நிறுத்துவது நல்ல மேலாளர் செய்யும் காரியமன்று. இதை மனத்தில் வைத்துக்கொண்டு புழுங்க வேண்டாம், அவரிடமே சொல்லுங்கள். குற்றம் சாட்டும் தொனி வேண்டாம்: "அன்று கூட்டத்தில் எண்ணைத் திருத்தியபோது எனக்கு வருத்தமாக இருந்தது, சார். முந்தின நாள் அரை மணி நேரம் ஒதுக்கித் தந்தால், எல்லா எண்களையும் உங்களோடு ஒருமுறை பார்த்துவிடுகிறேன்." அந்த எண்களைத் தொழிற்சாலையின் உற்பத்தி மேலாளருக்கும் கூட்டத்திற்கு முன்பே காட்டிவிடுவது நல்லது. அவருடைய பிரிவின் குறையை அவர் முதன்முதலில் பெரிய மேசையில் எல்லோரோடும் சேர்ந்து பார்த்தால், எண்ணைத்தான் முதலில் மறுப்பார்.

கருத்து வேறுபாடு வந்தால் கூட்டத்திற்கு முன் தனியாகச் சொல்லுங்கள். அவர் வேறு முடிவெடுத்தால் அதை ஏற்று வேலை செய்யுங்கள். எண்ணையே மாற்றச் சொன்னால் மட்டும் உடன்பட வேண்டாம், பார்ட்னரிடம் போங்கள். உங்கள் கடிதத்தில் அப்படி எந்த அறிகுறியும் இல்லை.

பெரியவர்கள் கேட்டால்தான் பேச வேண்டும் என்று வளர்ந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வளர்ப்பை விட்டுவிடச் சொல்ல எனக்கு மனமில்லை, அதற்குத் தேவையும் இல்லை. அதே வீட்டில்தான், வெளியூர் போனால் போய்ச் சேர்ந்ததும் அப்பாவுக்கு ஒரு போன் போட வேண்டும் என்றும் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அவர் காத்திருந்து, பொறுக்காமல் அவரே அழைத்து, 'போய்ச் சேர்ந்தாயா?' என்று கேட்க வைப்பதை நம் வீடுகளில் மரியாதைக் குறைவாகவே எண்ணுவார்கள். மாலைக் குறிப்பும் அப்படிப்பட்ட போன்தான்.

மாற்றலைப் பற்றி: இன்னும் இரண்டு ஸ்டியரிங் கமிட்டிக் கூட்டங்கள் முடியட்டும். இவற்றையெல்லாம் செய்த பின்னும் அவர் இரவில் உங்களுக்குத் தெரியாமல் மாற்றி எழுதினால், எல்லோர் முன்னும் உங்களைத் திருத்தினால், மாற்றல் கேட்பதில் தவறில்லை. அதையும் அவரிடம் முதலில் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

அடுத்த முறை அவர் கடலூர் வரும் நாளில், தொழிற்சாலைக்குள் நுழையும் முன் இருபது நிமிடம் கேட்டு வாங்குங்கள். மஞ்சக்குப்பத்தில் ஒரு ஹோட்டலில் காலைச் சிற்றுண்டி சாப்பிட்டபடியே பேசலாம். ப்ராஜெக்டின் முடிவில் பார்ட்னர் எதைப் பார்த்து இது வெற்றி என்று சொல்வார் என்று கேளுங்கள். எழுதி அனுப்பட்டுமா, போனில் சொல்லட்டுமா என்று கேளுங்கள். எந்த முடிவை நான் தனியாக எடுக்கலாம், எதற்கு உங்களிடம் வர வேண்டும் என்று கேளுங்கள். கடைசியாக, "என் வேலையில் எதை நீங்கள் இரண்டாம் முறை சரிபார்க்கிறீர்கள்?" என்று கேளுங்கள். இந்தக் கடைசிக் கேள்விக்கு அவர் சொல்லும் பதிலை அங்கேயே நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். அந்த வாரத்திலிருந்து அந்தச் சரிபார்ப்பை நீங்களே செய்து, என்னென்ன சரிபார்த்தீர்கள் என்பதை எக்செல்லின் முதல் பக்கத்தில் எழுதி அனுப்புங்கள்.